குறுங்கால ஊழியப் பயணங்களும் கேளாத மறுப்பும்: ரிங்லெட் தோட்டப்புறச் சூழலை முன்வைத்து

முன்னுரை

வெளிநாட்டுக் கிறித்துவ சபைகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஓரிரு வாரங்கள் பிற நாடொன்றில் தங்கிப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல், சிறுவர்க்கு விளையாட்டு நடத்துதல், வீடுதோறும் சென்று நோயாளிகளுக்காக வேண்டுதல் செய்தல் முதலிய பணிகளில் ஈடுபட்டுத் திரும்பும் வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் பெருகியுள்ளது. நம் நாட்டுத் தமிழ்க் கிறித்துவர் இதனை ‘மிஷன் டிரிப்’ என்றும் ‘குறுகிய கால ஊழியம்’ என்றும் வழங்குவர். இத்தகைய பயணங்களுக்குப் புறப்படுவோர்க்குப் பண்பாட்டு உணர்வைக் கற்பிக்கும் கையேடுகளும் பயிற்சி வகுப்புகளும் இன்று மிகுதி. அவை தரும் அறிவுரைகள் பெரும்பாலும் பிழையற்றவை. ஆயினும், அவற்றை ஐயமறக் கற்று அப்படியே கடைப்பிடித்தவர்களாலும் புண்படுத்தும் செயல்கள் நிகழ்கின்றன. அஃது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

மதமாற்றம் சரியா தவறா என்னும் விவாதத்துள் நாம் புகவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் அது இடந்தருகிறது. தோட்டத்து இந்துக் குடும்பம் ஒன்றிடம் ஒருவர் இயேசுவைப் பற்றிப் பேசுவது அவ்வகையில் தடுக்கப்பட்டதன்று. பேசப்படுபவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது பேசுபவர் செவியில் விழுகின்றதா என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ரிங்லெட்டில் கண்டது

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் முதலில் எதிர்ப்படும் சிற்றூர் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இவ்வூரை அடுத்தே உள்ளது. கொழுந்து பறிக்கும் வேலையில் இன்று வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் மிகுதி. எனினும் மூன்று, நான்கு தலைமுறைகளாக இம்மலையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தோட்டப்புறங்களிலும் அவற்றைச் சார்ந்த குடியிருப்புகளிலும் இன்னும் உள்ளன. லயத்துப் பேச்சு வழக்கைப் பதிவு செய்யும் கள ஆய்வின் பொருட்டு மாணவர் சிலருடன் நாம் அங்குச் சென்றிருந்த ஒரு நாளில்தான், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு குடியிருப்பில், வெளிநாட்டுக் குழு ஒன்றன் நிகழ்ச்சியைக் காண நேர்ந்தது.

வந்திருந்தவர்கள் பன்னிருவர், இருபது வயதை ஒட்டியவர்கள். அனைவரும் காலணிகளை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தனர். பெண்கள் தோளையும் முழங்காலையும் மூடிய உடை அணிந்திருந்தனர். தேநீரை வலக்கையால் வாங்கினர். ‘வணக்கம்’ என்று ஓரளவு திருத்தமாகவே சொன்னார்கள். பயிற்சி பெற்று வந்தவர்கள் என்பது வெளிப்படை. சிறுவர் நிகழ்ச்சியில் முகத்தில் வண்ணம் தீட்டுவது ஓர் அங்கம். ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி முன்வந்து அமர்ந்தாள். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு இருந்தது. வண்ணம் ஒட்டுவதற்காக அதனைத் துடைக்க வேண்டி, தன்னார்வலரான இளம்பெண் ஈரக் காகிதத்துணியை எடுத்தாள். அருகில் நின்ற பாட்டி, “குளிரும்மா, பிள்ளைக்குச் சளி புடிச்சிக்கும்” என்றார். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். இளம்பெண் புன்னகைத்து, அந்த ஈரத்துணியை இரு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துச் சற்றே சூடாக்கி, மிக மெதுவாகத் திருநீற்றைத் துடைத்தாள். அந்த இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி வரையப்பட்டது. பாட்டி வேறொன்றும் பேசவில்லை. இன்னொரு குவளைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பெண்ணின் செயலில் கருணை இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. துணியைச் சூடாக்கிய அக்கை, கையேடு எதிலும் இல்லாத ஒரு பரிவைக் காட்டியது. எனினும் அவள் கேட்டது பாட்டி சொன்னதன் சொற்பொருளை மட்டுமே. பாட்டி சொன்னது குளிரைப் பற்றியதன்று.

கையேட்டின் இலக்கணம்

அன்று மாலை குழுத்தலைவர் தம் கையிலிருந்த ஈரேட்டுக் குறிப்பை நமக்குக் காட்டினார். இந்திய வம்சாவளியினர் வீடுகளுக்குச் செல்லும்போது கடைப்பிடிக்க வேண்டியவை அதில் இருந்தன: இடக்கையால் கொடுக்காதீர்கள்; மாட்டிறைச்சி பற்றிப் பேசாதீர்கள்; பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள்; தலையசைப்பைக் கண்டு குழம்பாதீர்கள். மொழி கற்பிப்பவர் கண்ணுக்கு அக்குறிப்பில் உடனே புலப்படுவது ஒன்று உண்டு. அதிலுள்ள வாக்கியங்கள் அனைத்திலும் எழுவாய் தன்னார்வலரே. செய்பவர், செய்யாதிருப்பவர், கவனமாக இருப்பவர் எல்லாம் அவர்தாம். வீட்டார் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வரவில்லை. அவர்கள் செயப்படுபொருளாகவோ நான்காம் வேற்றுமையிலோ மட்டும் நிற்கின்றனர்: அவர்களுக்குக் கொடுங்கள், அவர்களை வாழ்த்துங்கள், அவர்களுக்காக வேண்டுங்கள். ‘அவர்கள் மறுக்கலாம்’ என்றொரு வாக்கியம் அதில் இல்லை. மறுத்தால் அம்மறுப்பு எவ்வடிவில் வரும் என்னும் குறிப்பும் இல்லை.

தமிழில் மறுப்பு எவ்வடிவில் வருகிறது? ‘வேண்டாம்’ என்னும் சொல் நம் அகராதியில் முதலிடம் பெற்றிருப்பினும் விருந்தினர் முன்னிலையில் அது அரிதாகவே வெளிப்படும். ‘இருக்கட்டும்’, ‘பார்க்கலாம்’, ‘எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்’, ‘இப்பத்தான் சாப்பிட்டோம்’, ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’, ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்ல’ எனப் பல வடிவங்களில் மறுப்பு நடமாடுகிறது. உடல்நலத்தையோ வானிலையையோ வீட்டிலில்லாத மூன்றாமவரையோ காரணமாக முன்னிறுத்திக் கேட்பவரின் முகம் வாடாமல் காக்கும் மொழி உத்தி இது. ‘சரிங்க’ என்னும் சொல்லே இழுத்துச் சொல்லப்படும்போது மறுப்பாகிவிடுவதைத் தோட்டத்தில் வளர்ந்தோர் அறிவர். ‘குளிரும்மா’ என்பதும் இவ்வகையினதே. மொழிபெயர்ப்பாளர் நகரத்துத் தமிழர். பாட்டி சொன்னதன் உட்பொருள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அவரும் விருந்தினரின் முகத்தைக் காத்தார். ஆக, ஒரே மறுப்பு இருமுறை நாகரிகத்தால் மூடப்பட்டது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறள்களும் விருந்தளிப்பவரை நோக்கியவை. முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று அவரை எச்சரிப்பவை. விருந்தாக வருபவர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு அந்நூலில் தனி அதிகாரம் இல்லை. கடமை முழுவதும் ஒரு பக்கத்தில் வைக்கப்பட்ட பண்பாட்டில், அதனை அறியாது உள்ளே நுழைபவர்க்குக் கிடைக்கும் வசதி எத்துணைப் பெரிது!

வேண்டும் என்னும் சொல்

இச்சிக்கல் புதிதன்று. தமிழ் மண்ணில் கிறித்துவப் பணியின் தொடக்கத்திலேயே இதன் வேர் உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்த சிலரின் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்து ஊர்தோறும் ஒப்பித்தார். விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. அதன் பொருள் ‘விரும்புகிறேன்’ என்பதே எனப் பின்னர் உணர்ந்த அவர், 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் அதற்கு மாற்றாக விசுவாசம் என்னும் பொருள்படும் சொல்லைக் கூறுமாறு பணித்தார். கடற்கரை மக்கள் அதுவரை அத்தொடரைத் திருத்தாமல் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதைக் கருதுக. பெரியவர் ஒருவர் சொல்லித் தருகிறார். பிழை என்று எப்படிச் சொல்வது? சவேரியாரின் பெருமை, பிழையைக் கண்டதும் மறைக்காமல் எழுதித் திருத்தியதில் உள்ளது. இன்றைய ஒருவாரப் பயணத்தில் பிழை வெளிப்படுவதற்குள் விமானம் புறப்பட்டுவிடுகிறது.

1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு மணலில் எழுத்தெழுதிக் கற்றவர் என்பதும் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்பதும் நம் மாணவர் அனைவரும் எழுதும் விடை. நமக்கு இங்கு வேண்டுவது வேறொன்று. 1712 முதல் 1714 வரை அவரும் உடன்பணியாளர் குருண்டலரும் தமிழர்களிடம் எழுத்து வழியாக வினாக்களை அனுப்பி விடைகளைப் பெற்றனர். அவ்விடைகள் செர்மானிய மொழியில் ஹாலேயில் அச்சேறின. அவற்றை எழுதியோர் தம் சமயத்தை விளக்கியதோடு நிற்கவில்லை; ஐரோப்பியர் பசுவைக் கொன்று தின்பதையும் குடிவெறியையும் தூய்மையின்மையையும் எடுத்துக்காட்டி, இத்தகையோரின் சமயத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று வினவினர். நேரில் சொல்லத் தயங்கும் மறுப்பை எழுத்து வெளிக்கொணர்ந்தது. கேட்டவரும் அதனை மறைக்காமல் தம் நாட்டுக்கு அனுப்பினார். ஆனால் 1713இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலை ஹாலேயிலிருந்த பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்கவே அவர்களை அனுப்பினோம், அதனை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. களத்தில் உள்ளவர் கேட்டதை அனுப்பிவைத்தவர் கேட்க விரும்பாத நிலை, பயண அறிக்கைகளைப் படிப்போர்க்கு இன்றும் பழக்கமானதே.

இனி நொபிலி. 1606இல் மதுரை வந்த அவர் துறவிக் கோலம் பூண்டு, புலால் நீக்கி, வடமொழியும் தமிழும் கற்றுப் பண்பாட்டு உணர்வுக்கே எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறார். அவருக்கு முன்பே அங்கிருந்த பெர்னாண்டஸ் அடிகளாரிடமிருந்து தனித்து வாழ்ந்து, தாம் பரங்கி அல்லர் என்றும் அறிவித்தார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய நெறிக்கு இசைவளித்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகளைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார். இவ்வரலாற்றைப் போற்றுவோர் பலரும் அதன் மறுபக்கத்தைச் சொல்லத் தயங்குகின்றனர். நொபிலி மதித்தது மதுரையின் பண்பாட்டை என்பதைவிட, மதுரையில் மேலோங்கி இருந்தவர்களின் பண்பாட்டை எனல் பொருந்தும். ஒடுக்கப்பட்டோர் அவரை வெளிப்படையாக அணுக இயலவில்லை. 1640ஐ ஒட்டி அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவு ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பண்பாட்டை மதிக்கிறேன் என்பவரிடம் ‘யாருடைய பண்பாட்டை?’ என்னும் வினாவையும் எழுப்பியாக வேண்டும்.

ரிங்லெட் நிகழ்வில் இவ்வினா நேரடியாகப் பொருந்துகிறது. குழுவினர் இசைவு பெறாமல் வரவில்லை. குடியிருப்பை மேற்பார்க்கும் அலுவலகத்தில் கேட்டனர், இசைவு கிடைத்தது. துரை, கிராணி, தண்டல் எனப் படிநிலைகளால் ஆன தோட்டச் சமூகத்தில் மேலிருந்து வந்த இசைவு லயத்தில் இருப்பவர்க்கு இசைவாகத் தோன்றாது, கட்டளையாகவே தோன்றும். அலுவலகம் அனுப்பிய விருந்தினரை வாசலில் நிறுத்தி ‘வராதீர்கள்’ என்று எந்தப் பாட்டி சொல்வார்? அந்தப் படிநிலை பெரும்பாலும் மறைந்துவிட்டது என்பர். ஆட்கள் மறைந்தனர், பழக்கம் அவ்வளவு விரைவில் மறைவதில்லை.

‘திறந்த மனம்’ என்னும் வாசிப்பு

இத்தகைய பயணங்கள் முடிந்து எழுதப்படும் நன்றிக் கடிதங்களில் அடிக்கடி இடம்பெறும் தொடர் ‘மக்கள் மிகவும் திறந்த மனத்துடன் இருந்தனர்’ என்பது. தேநீர் தந்தனர், சிரித்தனர், கைகளைத் தலைமேல் வைத்து வேண்டுதல் செய்தபோது அமைதியாக இருந்தனர் என்பனவே சான்றுகள். விருந்தோம்பல் இங்கே இசைவாக வாசிக்கப்படுகிறது. பிரதி ஒன்றைத் தவறாக வாசிக்கும் மாணவரை நாம் திருத்துவோம். ஒரு வீட்டைத் தவறாக வாசிப்பவரை எவர் திருத்துவது?

இவ்வாசிப்பின் விளைவு சிறுவர் தொடர்பில் மிகவும் கடுமையாகிறது. அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளரே முடிவு செய்வர் என்கிறது. 2009இல் தந்தை தம் மூன்று பிள்ளைகளையும் தாயறியாமல் இஸ்லாத்துக்கு மாற்றிய வழக்கில் ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடி, 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தில் அம்மதமாற்றம் செல்லாது என்னும் தீர்ப்பைப் பெற்றார். அவ்வழக்கையும் ஒரு வண்ணப் பட்டாம்பூச்சியையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது இந்நாட்டு இந்துத் தமிழர்க்கு எத்துணை நுண்ணிய இடம் என்பதை அவ்வழக்கு விளக்கும். வெளிநாட்டு இளம்பெண் இதனை அறிந்திருக்க வழியில்லை. அவளை அழைத்து வந்தவர்கள் அறிந்திருக்கலாம்.

நிதி பற்றியும் ஒரு சொல். 1998இல் மிட்ச் புயலால் சிதைந்த ஹொண்டுராசில் கட்டப்பட்ட வீடுகளைக் குறித்துக் கர்ட் வெர் பீக் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவது. உள்ளூர் அமைப்பு ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டி முடிக்கும் ஒரு வீட்டைக் கட்ட, வட அமெரிக்காவிலிருந்து பறந்து வந்த குழு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30,000 டாலர் செலவிட்டது. வீடு பெற்றவர்களிடம் நீடித்த வேறுபாடு எதனையும் அவர் காணவில்லை. வெர் பீக் கிறித்துவக் கல்லூரி ஒன்றன் ஆசிரியர் என்பதையும் குறிப்பிட வேண்டும். இத்தகைய திறனாய்வு சமய எதிர்ப்பாளரிடமிருந்து மட்டும் எழுவதாகக் கருதுவது பிழை. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் சமய உரையாடல் அவை, உலக நற்செய்திக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் இணைந்து வெளியிட்ட சான்றுபகர்தல் நெறிமுறையும் வறுமையைப் பயன்படுத்தி ஈர்ப்பதைக் கண்டிக்கிறது. ஆனால் அந்நெறிமுறையிலும் செய்பவரின் ஒழுக்கமே மையம். மறுப்பவரின் மொழி அங்கும் பேசப்படவில்லை.

சில நாள் வருவோரை வாழ்நாள் முழுவதும் தங்கியவர்களோடு ஒப்பிடுவது நேர்மையா என்று வினவலாம். புலமையைப் பொறுத்தவரை நேர்மையன்று. எவரும் ஒரு வாரத்தில் சீகன்பால்கு ஆகிவிட முடியாது. நாம் ஒப்பிடுவது புலமையை அன்று, திருத்தப்படும் வாய்ப்பை. தங்கியவர்க்கு அது தானே வாய்த்தது. தங்காதவர்க்கு அதனை வேறொருவர் ஏற்படுத்தித் தர வேண்டும். கள ஆய்வாளராகிய நமக்கும் இது பொருந்தும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று நாமும் ஒலிப்பதிவுக் கருவியோடுதான் அந்த வாசலில் நின்றோம். ‘பதிவு செய்யலாமா?’ என்று கேட்டபோது பாட்டி சொன்ன விடை ‘சரிங்க’. அதை எப்படி இழுத்துச் சொன்னார் என்பதைப் பதிவைத் திரும்பக் கேட்டபோதே கவனித்தோம். அந்தப் பதிவை நாம் பயன்படுத்தவில்லை.

உபதேசியார் கண்ட வழி

குழுக்கள் திரும்பிய பின் அதே ஊரில் எஞ்சி வாழ்பவர்கள் உள்ளூர்த் தமிழ்க் கிறித்துவர்கள். கடையிலும் மருத்துவமனை வரிசையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இந்து அண்டை வீட்டாரோடு நிற்க வேண்டியவர்கள் அவர்கள். திருநீறு துடைக்கப்பட்ட செய்தி அன்றிரவே குடியிருப்பெங்கும் பரவியது. மறுவாரம் கடைத்தெருவில் இரு குடும்பத்தார் தம்மிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று வருந்திக் கூறினார் அவ்வட்டாரத்தில் நெடுங்காலம் பணியாற்றும் உபதேசியார் ஒருவர். அவருடைய தந்தையார் அதே மலையில் கொழுந்து நிறுத்தவர். அவ்வீடுகளின் திருமணங்களிலும் துக்கங்களிலும் அவர் உடனிருந்தவர். “அவங்க வந்துட்டுப் போயிடுவாங்க சார், நாங்கதானே இங்க இருக்கணும்” என்றார்.

அடுத்த ஆண்டு வேறொரு குழு வருவதாகச் செய்தி வந்தபோது அவர் அலுவலகத்துக்குச் செல்லவில்லை. விருந்தினர் வருவதற்கு முந்திய ஞாயிறு பிற்பகல், தாம் மட்டும் தனியே லயம் லயமாக நடந்து வீடுவீடாகக் கேட்டார். முன்னே வெளிநாட்டார் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. தெரிந்த முகம், தெரிந்த பேச்சு. சிலர் வரச் சொன்னார்கள். சிலர் தேசியப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய பாரங்களை நிரப்பித் தர ஆளிருந்தால் அனுப்பச் சொன்னார்கள். அதற்கு மலாய் தெரிந்தவர் வேண்டும் என்பதால் வெளிநாட்டுக் குழுவால் ஆகவில்லை, உபதேசியாரே இரண்டு மாலைகள் அமர்ந்து எழுதித் தந்தார். பாட்டியின் வீட்டிலும் அவர் கேட்டார். நாம் பின்னொரு முறை சென்றபோது பாட்டி அதனைத் தாமே நினைவுகூர்ந்தார்.

“வரட்டும், டீ குடிக்கட்டும், போன வருசம் வந்ததுங்களும் நல்ல பிள்ளைங்கதான்னு சொன்னேன். எம்பேத்தி நெத்திய மட்டும் தொட வேணாம்னு சொன்னேன்.”